அவர் சாப்பிட்டிருப்பாரோ

பயப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கியவள், திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். டாக்டர் சீட்டை முதலில் ஒரு தடவை வாசிப்பாள், பெட்டியைக் கையில் எடுத்ததும் ஒரு தடவை, அட்டையை வெட்டும்போது இன்னொரு தடவை. வரிசையில் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். தெருவில் அவளுக்கு 'மூணுதடவையக்கா' என்று பேரே விழுந்துவிட்டது. அதைக் கேட்டு அவள் கோபித்துக்கொண்டதில்லை. அத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரைகூட மாறிப் போனதில்லை என்பதில் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள பிரெஞ்சு பேசுகிற நாட்டில் ஓர் அக்கா இருந்தாள். வாராவாரம் போன் பண்ணுவாள். "ஏய் குட்டி, இங்க மருந்துக்கடைல ஆளே கிடைக்கலைடி. பிரெஞ்சுப் பரீட்சையை மட்டும் பாஸ் பண்ணிடு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு வருஷமாக நச்சரித்து, கடைசியில் அவளைச் சம்மதிக்க வைத்தாள். நாற்பத்து நான்கு வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நோட்டுப் புத்தகமும் கையுமாக அலைய ஆரம்பித்தாள்.

மொழி ஒன்றும் அவ்வளவு பொல்லாததாக இல்லை, இறந்தகால சப்ஜங்டிவ் வரும்வரை. அங்கே வந்துதான் வண்டி குடைசாய்ந்தது. நடந்ததைச் சும்மா சொல்வதற்கு ஒரு வினை வடிவம். நடந்துவிட்டதோ என்று பயந்தால், சந்தேகப்பட்டால், வருந்தினால் வேறு வடிவம், அதுதான் சப்ஜங்டிவ். அதற்குத் துணைவினை ஒன்றை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். நான், நீ, அவன், அவர்கள் என்று நாலு பேருக்கும் எழுத்தில் நாலு விதம். வாயால் சொன்னால் நாலும் ஒரே 'ஏ'தான். "இதுக்கு எதுக்குடி நாலு எழுத்து?" என்று அக்காவிடம் கேட்டாள். "எனக்கென்ன தெரியும்? நான் கடைல காய்கறி வாங்கற அளவுக்குத்தான் பேசறேன்" என்றாள் அக்கா.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. வினைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கடை மேஜையில், கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தாள். ஆள் இல்லாத நேரம் பார்த்துக்கொள்ளத்தான். நாலைந்து நாளில், ஆள் இருக்கும்போதும் கண் அங்கே போக ஆரம்பித்தது.

சனிக்கிழமை காலை வகுப்பு. தபால் நிலையத்துக்கு எதிரே, மாடியில், ஏழெட்டு நாற்காலி போட்ட அறை. டீச்சருக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். மூணுதடவையக்காவுக்கு மகளாக இருக்கலாம். ஆனால் தப்பு விட்டால் வயசெல்லாம் பார்க்க மாட்டாள்.

"எனக்குப் பயமா இருக்குன்னு ஆரம்பிச்சு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க. உங்க வேலைலேர்ந்து எடுத்துச் சொன்னா மறக்காது" என்றாள் டீச்சர்.

அவளுடைய முறை வந்தது. எழுந்து நின்று, 'மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது' என்று கட்டிச் சொன்னாள்.

"தப்பு" என்றாள் டீச்சர். "பயப்படறதும் நீங்க, மாத்திக் கொடுத்ததும் நீங்க. ஆள் ஒண்ணா இருந்தா சப்ஜங்டிவ் வராது. செஞ்சது வேற ஆளா இருக்கணும். மாத்திச் சொல்லுங்க."

வேறு ஆள். சரி, மாத்திரை வாங்கிப் போனவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் அதைச் சாப்பிட்டிருப்பாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. "ஜே பர் கில் ஏ..." என்று ஆரம்பித்து, அடுத்த சொல்லைத் தேடினாள். தேடும்போது யாரோ ஒருவரை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நேற்று மத்தியானம் கடைசியாக வந்த கடிகாரக்காரர் நின்றார். கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர். மாசாமாசம் வருகிறவர். இதயத்தில் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு மில்லிகிராம் மாத்திரை, சாயங்காலம் மூன்று. பழுப்பு நிறம்.

நேற்று கத்தரிக்கோலுக்கு நடுவே இருந்த அட்டை ரோஸ் நிறம்.

ரோஸ் என்றால் ஐந்து மில்லிகிராம்.

"சொல்லுங்க, 'ஏ'க்கு அப்புறம் என்ன?" என்று டீச்சர் கேட்டது எங்கேயோ தூரத்தில் கேட்டது. அவள் பையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினாள்.

கடைக்கு வந்து டிராயரை இழுத்தாள். ஒரு மில்லிகிராம் பெட்டி ஒட்டின டேப் பிரியாமல் இருந்தது. பக்கத்திலேயே ஐந்து மில்லிகிராம் பெட்டி, வாய் திறந்து, மூன்று அட்டை குறைந்து கிடந்தது. இரண்டு பெட்டியிலும் ஒரே நீலக் கோடு. கண்ணாடிக்கு அடியில் அந்தத் துண்டுச் சீட்டு.

ரசீதில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தார்கள். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைப் பாதி சாத்தினார்.

"அம்மா, பதறாதீங்க. ஆளு நல்லாத்தான் இருப்பாரு. திங்கக்கிழமை அவரோட டாக்டர்கிட்ட பக்குவமா பேசிக்கலாம். நீங்களா போய் மாட்டிக்கிட்டா உங்க லைசென்ஸ் போகும், என் கடையும் போகும்."

அவர் சொன்னதில் அவளுக்கு ஆசை வந்தது. அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, திங்கட்கிழமை என்கிற சொல்லை மனதுக்குள் உருட்டிப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் பதினைந்து மில்லிகிராம் உள்ளே போயிருக்கும். இன்று பதினைந்து, நாளை பதினைந்து. எழுந்துவிட்டாள்.

"எங்க போறீங்க?"

"சாயங்காலத்துக்குள்ள அவரைப் பிடிக்கணும் சார்."

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை என்று அவர் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் இருந்தது. போய்ப் பார்த்தால் வரிசையாகப் பெட்டிக்கடைகள். கடிகாரப் படம் போட்ட ஒன்று பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் சாவி செய்கிறவர் அரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவரா? காலைல மூக்குலேர்ந்து ரத்தம் கொட்டிச்சு. நிக்கவே மாட்டேங்குது. நான்தான் வீட்டுக்கு அனுப்பிவெச்சேன். நீங்க சொந்தக்காரங்களா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு, வீடு எங்கே என்று கேட்டாள்.

மூன்றாவது மாடி. தட்டினாள். பதில் இல்லை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினாள். பாடுகிற ரேடியோவை நிறுத்தக்கூட ஆள் இல்லாமல் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் கதவை இரண்டு கையாலும் இடிக்க ஆரம்பித்தாள். தாழ்ப்பாள் விலகியது. ஈரக் கையோடு ஓர் அம்மாள் நின்றார். பின்னால் வாளியில் ஊறவைத்த சட்டை. தண்ணீர் சிவப்பாக இருந்தது.

"யாரு நீங்க? எதுக்கு இப்படி இடிக்கிறீங்க?"

"மருந்துக்கடைலேர்ந்து வர்றேன்மா. நேத்து நான் குடுத்த மாத்திரை தப்பு. என்னோட தப்பு. அவர் எத்தனை சாப்பிட்டாரு?"

அந்த அம்மாளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "மூணு" என்றார்.

உள்ளே கடிகாரக்காரர் மூக்கில் பஞ்சோடு சாய்ந்திருந்தார். "கலர் வேற மாதிரி இருந்திச்சு. கம்பெனிக்காரன் மாத்திட்டான் போலன்னு நெனச்சேன். நீங்க தப்பா தர மாட்டீங்களே!" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குப் பட்டது.

வாடகை வண்டி பிடித்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவசரப் பிரிவு டாக்டரம்மாவிடம் என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று அவளே ஒப்பித்தாள். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வரும்வரை ஒன்றரை மணி நேரம். பெஞ்சின் ஒரு கோடியில் அந்த அம்மாள், மறு கோடியில் இவள். உள்ளே செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்கும்போதெல்லாம் இருவரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா வந்தார். "மூக்குல வந்தது இதனாலதானான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அளவு கூடியிருக்கு, இன்னும் ரெண்டு நாள் ஏறும். இங்கேயே இருக்கட்டும். ஒரு வேளையோட நின்னுச்சே, அது போதும். இதையே நாலு நாள் சாப்பிட்டிருந்தா மூளைல கசிஞ்சிருக்கலாம்."

அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்கவும் பயம், எடுக்காமல் விடவும் பயம். அக்கா இரண்டு தடவை கூப்பிட்டாள், இவள் எடுக்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் கடிகாரக்காரரே பேசினார். "ஒண்ணும் ஆகலைம்மா. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க" என்றார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நடந்ததை எழுதி மருந்துத் துறை மேலிடத்துக்கு அவளே அனுப்பினாள். முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. விசாரணை நடந்தது. லைசென்ஸ் போகவில்லை, ஆறு மாதம் மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றார்கள். பின்கட்டில் சரக்கு அடுக்கினாள். பரீட்சைக்கு அந்தத் தவணை போகவில்லை. அடுத்த தவணை எழுதி, தட்டுத் தடுமாறித் தேறினாள். அக்கா டிக்கெட் போடவா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இவள் பார்க்கலாம் என்கிறாள்.

இப்போது அவள் மறுபடியும் கடை முன்பக்கம் நிற்கிறாள். கடிகாரக்காரர் வருவதில்லை, அவருடைய மனைவிதான் மாசாமாசம் வருகிறார். வேறு கடைக்குப் போயிருக்கலாம், ஏனோ போகவில்லை. கொடுத்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, சீட்டையும் அதையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்ப்பார். அதுவரை இவள் மேஜையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். எல்லாம் சரிதான் என்று தெரிந்தும் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அம்மாள் அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போவார்.