பூஜ்யம் போட மறுத்த தங்கமணி

தங்கமணி இறந்த செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நெஞ்சுவலி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் அழுதுகொண்டிருக்கும்போதே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. முதல் படம் நம் பிரிவுத் தலைவருடையது. அடேயப்பா, என்ன வேகம். உயிரோடு இருந்தவரின் ஒரு மின்னஞ்சலுக்கும் இவர் பதில் போட்டதில்லை.

தங்கமணியோடு வேலை பார்த்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மறந்திருப்பீர்கள். மறப்பதில் நீங்கள் கெட்டிக்காரர்கள்.

அவருக்கும் எனக்கும் வேலை ஒன்றுதான். உலக வறட்சிக் குறியீட்டுத் தரவை இறக்கி, நம் பாலக்காடு மாவட்டத்து நிலக் கட்டங்களை மட்டும் வெட்டியெடுத்து, புள்ளியியல் மென்பொருளில் சுத்தம் செய்து வரைபடமாக்குவது. அந்தக் குறியீட்டில் பூஜ்யம் என்றால் மழை இயல்பு. அதற்குக் கீழே போகப்போக வறட்சி. மழைப் பதிவு போதாத இடமென்றால் கணக்கே ஓடாது, மென்பொருள் கட்டத்தை வெற்றாக விட்டுவிடும். அந்தக் கோடையில் கிழக்குப் பாலக்காடு முழுக்க அப்படித்தான் வந்தது.

நம் அலுவலகத்தில் எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது. இருந்தால் எல்லோருக்கும் கை அரிக்கும். தலைவர் வெற்றுக் கட்டங்களில் பூஜ்யம் போடச் சொன்னார். போட்டால் கிணறு வற்றிக் கிடந்த ஊர்களெல்லாம் ஒரு நொடியில் படத்தில் பச்சை, அதாவது வறட்சி இல்லை. தண்ணீர் லாரிகளோ அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பங்கிடப்பட இருந்தன.

தங்கமணி நின்றபடியே சொன்னார்: "தெரியலைங்கறதும் ஒரு பதில்தானுங்க. பூஜ்யம் போட்டா எல்லாம் நல்லாருக்குதுன்னு நாம பொய் சொல்றமுங்க. சாம்பல் கலர்ல விட்டுருங்க."

சொந்த ஊருக்குத் தண்ணீர் பிடிக்கப் பார்க்கிறார் என்று டீ குடித்துக்கொண்டே கிசுகிசுத்தது யார்? நீங்கள்தான். அந்தக் கிழக்குப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் பிறந்தது அவர் குற்றமாயிற்று. வேறொருவரை வைத்துப் பூஜ்யங்களை நிரப்பினார்கள். அந்தப் படத்தில் தன் பெயர் வரக் கூடாது என்று சொல்லித் தங்கமணி விலகிக்கொண்டார். லாரிகள் வேறு பக்கம் போயின. அவர் வீட்டுப் பசுக்கள் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயின. அப்போதும் என்னிடம், "இவுங்களுக்குக் காலி இடம்னாலே பயமுங்க" என்று சிரித்தார். மரியாதை குறையாமலே ஆளைத் துச்சமாகப் பார்க்க அவரால் முடியும்.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பச்சைப் படத்தையே திரையில் போட்டு, அஞ்சலியாக இனி அதன் கீழே தங்கமணியின் பெயர் இருக்கும் என்று அறிவித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். தூ. முன்வரிசையில் தங்கமணியின் மனைவி தலைகுனிந்துகொண்டார்.

நான் பள்ளிவாசல் என்னும் மலைத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். தங்கமணியின் பணிவு எனக்கு வராது. எழுந்து நின்றேன்.

"அவரு பேர எடுங்க சார். செத்தவரு எந்திரிச்சி வந்து மறுக்க மாட்டாருன்னுதான இந்தத் தைரியம்?"

திரையை அணைத்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த ஆண்டுத் தரவு இப்போது என் பொறுப்பு. கிழக்கில் மறுபடியும் வெற்றுக் கட்டங்கள். தங்கமணியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது உங்கள்மேல் அவருக்கிருந்த அந்த அலட்சியத்தைத்தான். கட்டங்களைச் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிட்டேன். படத்தின் கீழே என் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.