எலும்புக்கு வெட்டு பாதி

என் மனைவியின் தம்பி பகடையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடுத்த ஞாயிறு வரை நான் ஒழுங்காக உட்கார்ந்ததாக நினைவில்லை. கடையில் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டே ஒரு காதணி விழா பேனர் செய்தேன். அதில் தாய்மாமன் படத்தை இரண்டு முறை ஒட்டிவிட்டேன். வாங்க வந்தவர், "மாமன் ஒருத்தருதானங்க, ஏன் ரெண்டு தரம் நிக்கிறாக?" என்றார். என் மண்டைக்குள் அந்த வாரம் முழுக்க ஒரு தாய்மாமன்தான் நின்றுகொண்டிருந்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

தேனியில் எனக்கு பிளக்ஸ் கடை. ஞாயிறு விடுமுறை. பேனர் மடிக்கிற பெரிய மேசையைச் சுற்றி அன்று நாலு பேர் உட்கார்ந்து கதை விளையாடுவோம். ஒருவர் கதை சொல்ல வேண்டும். அது நான், மேசை என்னுடையது என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. மற்ற மூவரும் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். 'கதவை உடைக்கிறேன்', 'பேயை வெட்டுகிறேன்' என்று அவர்கள் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும், பெரிய எண் விழுந்தால் பலிக்கும். அடிபட்டால் உயிர்ப்புள்ளி குறையும். புள்ளி தீர்ந்தால் ஆள் காலி.

ஜெயமங்கலத்தில் வாழை போட்டிருக்கும் என் மச்சினன், கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டும் டிரைவர், காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து நேரே வரும் வேதியியல் டீச்சர். இவர்கள்தான் அந்த மூவர். ஐந்தாவதாக ஓர் ஆளை இந்தப் பள்ளத்தாக்கில் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆக, ஒருவர் போனால் ஆட்டம் படுத்துவிடும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்குத்தான் கை சும்மா இருக்காது. ஆயுதக் காயத்தை வகை பிரிக்க வேண்டுமா, அது வெறும் தலைவலியா என்று மேல்நாட்டு ஆட்டக்காரர்கள் இணையத்தில் சண்டை போடுவதைப் படித்தேன். படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மிச்சம் கிடந்த பிளக்ஸில் நாலுக்கு மூணு அடியில் அட்டவணையே அச்சடித்துச் சுவரில் மாட்டினேன். வெட்டு, குத்து, அடி. எதிரியின் தோலுக்கு எந்தக் காயம் முழுசு, ஆமை ஓட்டுக்கு எது பாதி, எலும்புக்கு எது பாதி. சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. பழக்கதோஷத்தில் கீழே 'அனைவரும் வருக' என்றும் போட்டிருந்தேன்.

அந்த ஞாயிறு குகைக்குள் எலும்புக்கூடுகள் வந்தன. மச்சினனுடைய ஆள் அருவாக்காரன். ஒன்றரை வருடமாக ஞாயிறுக்கு ஞாயிறு அவன் பொத்திப் பொத்தி வளர்த்த ஆள். வெட்டினான். "எலும்புக்கு வெட்டு பாதிதான்" என்றேன். மறுபடி வெட்டினான். மறுபடி பாதி.

"சரி மச்சான், அருவாவத் திருப்பிப் பிடிச்சு முதுகால ஒண்ணு போடுறேன்."

"அருவா வெட்டு ஆயுதம் மாப்ள. அட்டவணையப் பாரு."

"அட்டவணை கெடக்கட்டும். நான் திருப்பிப் பிடிச்சேன்னா?"

"பிடிக்க முடியாது."

ஒரு விவசாயியைப் பார்த்து, அருவாளைத் திருப்பிப் பிடிக்க முடியாது என்று சொன்னேன். அடுத்த சுற்றில் அவன் ஆள் செத்தான். மச்சினன் பகடையை வைத்தான், செருப்பை மாட்டினான், பைக்கை எடுத்தான்.

வாரம் முழுக்க எங்கள் வாட்ஸப் குழுவைத் திறந்து மூடினேன். திங்கட்கிழமை அட்டவணையைத் திருத்தினேன். புதன்கிழமை திருத்தியதைத் திருத்தினேன். வெள்ளிக்கிழமை 'எலும்புக்கு முக்கால்' என்று அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. மனைவி வேறு, "எந்தம்பி வர்றதில்லையா, என்ன செஞ்சீக?" என்று கேட்டபடி இருந்தாள். என் கதைக்குள் அவனைக் கொன்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை டிரைவரின் ஜீப்பில் மூவரும் ஜெயமங்கலம் கிளம்பினோம். சமாதானத்துக்குப் போகிற ஆள் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். பிளக்ஸைச் சுருட்டி மடியில் வைத்திருந்தேன்.

"அத எதுக்கு அண்ணே தூக்கிட்டு வர்றீக?" என்றார் டிரைவர்.

"வெளக்கிச் சொல்லத்தான்."

"வெளங்கிரும்" என்றார் டீச்சர்.

தோப்பில் மச்சினன் வாழைத்தார் இறக்கி முடிந்த மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தான். "வாங்க டீச்சர், வாங்கண்ணே" என்றான். என்னைப் பார்த்து, "பிளக்ஸும் வந்திருக்கு" என்றான். பிறகு அருவாளையும் கடப்பாரையையும் என் பக்கம் நீட்டினான். "மூணு வகையும் செஞ்சு காட்டுங்க மச்சான். மரம் எப்பிடியும் சாயப்போறதுதான்."

வெட்டினேன். அருவாள் பாதி மரத்தில் சிக்கிக்கொண்டது. அதை இழுக்க ஒரு காலை மரத்தில் ஊன்றினேன். அருவாள் வந்தது, நானும் வந்தேன், பின்பக்கமாக. கடப்பாரையால் குத்தினேன். மரம் முகத்தில் சாற்றைப் பீய்ச்சியது. அருவாள் முதுகால் அடித்தேன், ஆமாம், திருப்பிப் பிடித்துத்தான். தொப்பென்று ஒரு சத்தம், சட்டை முழுக்க மறுபடியும் சாறு.

"மதி அண்ணே, மதி" என்றார் டிரைவர். குமுளிப் பக்கம் ஓடி ஓடி மலையாளம் ஒட்டிக்கொண்டதில், 'போதும்' என்று சொல்லவே அவருக்கு மறந்துபோயிற்று.

மச்சினன் அருவாளை வாங்கி ஒரே வீச்சில் மரத்தைச் சாய்த்தான். மோட்டார் ரூமுக்குள் போய் ஒரு தேங்காயை எடுத்து வந்து, அதே அருவாளின் முதுகால் ஒரு தட்டு தட்டினான். இரண்டாகப் பிளந்தது. "வெள்ளிக்கிழம ஒங்க கடையில சாமிக்குத் தேங்கா எதால ஒடைக்கிறீக?"

வாரம் தவறாமல் அருவாள் முதுகால்தான் உடைக்கிறேன். முந்தாநாள்கூட உடைத்தேன். உடைத்த கையோடு போனை எடுத்துத்தான் 'எலும்புக்கு முக்கால்' என்று அனுப்பியிருந்தேன்.

"அட்டவணைய எரிச்சிரலாம் மாப்ள" என்றேன்.

"இருங்க தம்பி" என்றார் டீச்சர், தேங்காய்ச் சில்லை மென்றபடி. "வெட்டு பாதின்னு நீங்க சொல்லலேன்னா, அவுக அருவாவத் திருப்பிப் பிடிக்க நெனச்சிருப்பாகளா? வெட்டுறேன் வெட்டுறேன்னு பகடைய உருட்டிக்கிட்டே இருந்திருப்பாக. அட்டவணை அவுகள யோசிக்க வச்சுச்சு. யோசிச்ச பெறகு நீங்கதான் வழிய மறிச்சுட்டீக."

மச்சினன் தலையாட்டினான். "வகை இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். திருப்பிப் பிடிக்கத்தான் விட மாட்டேங்கிறாக."

நெற்றியிலிருந்து வாழைச்சாறு ஒழுகிக்கொண்டிருக்கும்போது யாராலும் விவாதிக்க முடியாது. "தப்பு என்னுதுதான் மாப்ள" என்றேன். "அந்தச் சுத்தைத் திரும்ப ஆடுவோம். ஒன் ஆளு இன்னும் சாகல."

அவன் பிளக்ஸை என் கையிலிருந்து உருவி, மரத்தடி ஈரத்தில் விரித்தான். எழுத்துப் பக்கம் மேலே. 'எலும்பு' என்ற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "பகடை?"

சட்டைப்பையில் இருந்தது. ஏழு நாளும் சட்டைக்குச் சட்டை மாறி என் பையில்தான் இருந்தது.

"எலும்புக்கூடு எதுத்தாப்புல நிக்குது" என்றேன். "ஒன் கையில அருவா."

"திருப்பிப் பிடிக்கிறேன்."

"பிடி."

உருட்டினான். பகடை 'அனைவரும் வருக'வைத் தாண்டி ஓடி நின்றது. நாலுபேரும் குனிந்தோம். மூன்று. இருபதுக்கு மூன்று. காற்றைத்தான் அடித்திருக்கிறான்.

மச்சினன் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை எடுத்து டிரைவரிடம் நீட்டினான். "எனக்குத் தவறிப்போச்சு. நீங்க போடுங்கண்ணே, சீக்கிரம். அடுத்த சுத்துல நான் அவன் மண்டையப் பாத்துக்கிறேன்."

அடுத்த சுற்று என்றான். அப்போதுதான் நான் உட்கார்ந்தேன், குத்துக்கும் அடிக்கும் நடுவில். உட்கார்ந்ததும் சட்டையைக் குனிந்து பார்த்தேன். வாழைக்கறை, எந்தச் சோப்புக்கும் போகாது. வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்க யோசிக்க, அட்டவணையில் நாலாவதாகத் 'திட்டு' என்றொரு வகை சேர்த்தால் என்ன என்று கை மறுபடியும் பரபரத்தது.