நான் சரணடைந்த வெள்ளிக்கிழமை

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவை எதிரிப்படை கடல் வழியாக வந்து பிடித்துவிட்டது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் மனதார நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் இருந்த அத்தனை பேரின் சார்பிலும், ஒருத்தரையும் கேட்காமல் சரணடைந்தும் விட்டேன். அந்தப் போரின் ஒரே ஆவணம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது: பெரிய, தடித்த ஒரு தாள். கேரம் காய்களை வைத்துச் சுற்றி வரைந்த வட்டங்கள் அதில் நிறைய. கறுப்பு அடித்தவை போர்க்கப்பல்கள். வெறும் வட்டங்கள் தரைப்படை. சிவப்பாக ஒன்றே ஒன்று இருக்கும். அது நான் படுக்கும் கட்டில்.

அப்போது நான் ஒரு டைல்ஸ் ஃபேக்டரியில் ஸ்டோர்கீப்பர். ஃபேக்டரிக்கும் கடலுக்கும் நடுவில் கேம்ப். கையுறை, பூட்ஸ் எடுத்துக் கொடுப்பதும், ஆபீஸிலிருந்து வரும் நோட்டீஸை கேட்டில் ஒட்டுவதும் என் வேலை. நோட்டீஸ் என்றால் எப்போதும் ஒரே சங்கதிதான்: அறையில் சமைக்காதே, படிக்கட்டில் துப்பாதே. அதைப் படித்துவிட்டு ஒட்டும் அளவுக்கு நான் வெட்டி ஆள் இல்லை என்பது என் நினைப்பு. எனக்கு வேறு பெரிய பொறுப்புகள் இருந்தன. வளைகுடாவில் போர் மூளும் என்று எல்லோர் போனிலும் வீடியோ ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஊரில் ஒரு படகைத் தள்ளிக்கூடக் கடலில் இறக்கியிராத நான், கடற்படை கரையேறும் முறை பற்றி மூன்றே வாரத்தில் நிபுணனாகிவிட்டேன். மாலையானால் முற்றத்துத் தகரக் கூரையடியில் கேரம் போர்டைப் பிடுங்கிக்கொண்டு வகுப்பு எடுப்பேன். முதலில் கப்பல் பீரங்கி, பிறகு முன்பக்கம் திறக்கிற படகு, பிறகு இடுப்பளவு தண்ணீரில் சிப்பாய்கள். விளையாட வந்தவர்கள் விளையாட்டை விட்டுவிட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சுகம்.

மயங்காத ஒரே ஆள் காக்கா. கேம்ப் வாசலில் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; பெஷாவர் டிரைவர்கள்கூட அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அரபியை எழுத்துக் கூட்டாமல் படிப்பார். என்னைத் 'தளபதி' என்பார். அந்த ஒரு வார்த்தையிலேயே துப்பிவிடுவார். ஒருநாள் என் வகுப்பை நின்று கேட்டுவிட்டு, "ஓய் தளபதி, கப்பல் வந்தா சரக்கு வரும், இல்லாட்டி ஆளு வரும். ரெண்டுக்கும் என் கடையிலதான் தண்ணி வாங்கணும். நீரு போயி ஸ்டோரைப் பூட்டினீரான்னு பாரும்" என்றார். ஸ்டோரைப் பூட்டாமல்தான் வந்திருந்தேன்.

என் மாணவர்களில் அதிகம் நடுங்கியவன் என் அறையிலிருந்த புதுக்கோட்டைப் பையன். அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்காக ஊருக்குப் போகவேண்டியவன். அதனால் கேம்ப்பே அவனை 'மாப்பிள்ளை' என்றது. "அண்ணே, ஏர்போர்ட்ட மூடிருவாங்களாண்ணே?" என்று சாப்பாட்டுக்கு நடுவில் கேட்பான். இல்லைடா என்று சொன்னால் தீர்ந்தது. நான் சொல்லவில்லை. "முதல்ல அதத்தான் அடிப்பாங்க" என்றேன். நிபுணன் அல்லவா.

வெள்ளிக்கிழமை விடிந்து பல் தேய்க்கக் குழாயடிக்குப் போனவன் கடலைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் இரண்டு கப்பல்கள். அவற்றிலிருந்து தட்டையான படகுகள் நுரை கிளப்பிக்கொண்டு வந்தன. ஒன்று கரை தட்டியது. முன்பக்கம் அப்படியே விழுந்து திறந்தது. துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கியபடி சிப்பாய்கள் இறங்கினார்கள். நான் கேரம் போர்டில் காட்டியது காட்டியபடி நடந்தது. சொன்னது பலித்த பெருமை ஒரு நொடி. மறு நொடி பிரஷ்ஷைக் கடித்து உடைத்துவிட்டேன்.

தளபதி செய்த முதல் காரியம், கட்டிலுக்கு அடியில் புகுந்தது. இரண்டாவது, தன் வரைபடத்தில் அந்தக் கட்டிலைச் சிவப்பில் குறித்து வைத்தது நினைவுக்கு வந்து வெளியே ஓடி வந்தது. வெள்ளைக்கொடி காட்டினால் சுடமாட்டார்கள் என்று எந்த வீடியோவிலோ பார்த்திருந்தேன். கேம்ப்பில் வெள்ளைத் துணி ஏது? எங்கள் போர்வைகள் எல்லாம் புலி, ரோஜாப்பூ. துண்டுகள் டைல்ஸ் தூசியில் செங்கல் நிறம். கண்ணில் பட்டது மாப்பிள்ளையின் பெட்டி. மடிப்புக் கலையாத பட்டுவேட்டி, முகூர்த்தத்துக்கு வாங்கியது. அவன் குளித்துக்கொண்டிருந்தான். நான் அதை உருவிக்கொண்டு மாடியேறி ஆன்டெனா கம்பத்தில் கட்டினேன். ஜரிகைக் கரை வெயிலில் மின்ன, வேட்டி காற்றில் விரிந்து பறந்தது. இவ்வளவு ஆடம்பரமாக எந்த ராணுவமும் சரணடைந்திருக்காது.

அதன் பலன் உடனே தெரிந்தது. வேறு பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு படகு திரும்பி நேராக எங்களை நோக்கி வந்தது. கரையில் நட்ட அடையாளத் துணியைப் பார்த்து இறங்கவேண்டிய படகாம். என் சரணாகதியை அடையாளமாக எடுத்துக்கொண்டது. பாறையில் உரசி நின்றது. நனைந்த சிப்பாய்கள் இருபது பேர் கேம்ப்புக்குள் வந்தார்கள். முதலில் வந்தவன் காக்கா கடையில் தண்ணீர் கேட்டான். காக்கா எடுத்துக் கொடுத்தார்.

அதிகாரி பின்னால் வந்தார். முகம் கனல். கம்பத்தைக் காட்டி, "யே கிஸ்கா ஹை?" என்றார். யாருடையது? ஈரத் தலையும் கைலியுமாக ஓடி வந்த மாப்பிள்ளை, தன் முகூர்த்த வேட்டி வானத்தில் பறப்பதைப் பார்த்து, "ஐயோ, என் வேட்டி!" என்று கத்திவிட்டான். அதிகாரிக்கு மொழி புரியாவிட்டாலும் ஆள் புரிந்துவிட்டது. அவனுடைய பத்தாக்காவை, அதாவது அடையாள அட்டையை, அதிகாரி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அட்டை போனால் ஞாயிற்றுக்கிழமை விமானம் இல்லை. விமானம் இல்லையென்றால் புதுக்கோட்டையில் பந்தலடியில் ஒரு பெண் மட்டும்தான் இருப்பாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அதிகாரி அடுத்த கேள்வி கேட்டார்: நோட்டீஸ் கொடுத்தோமே, ஏன் ஒட்டவில்லை? இதற்கு மட்டும் எனக்கு வாய் வந்தது. "நோட்டீஸ் மாஃபி சார்! மாஃபி, மாஃபி!" என்று நெஞ்சில் அடித்துச் சொன்னேன். மாஃபி என்றால் அரபியில் இல்லை. பொய் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது.

காக்கா கேரம் போர்டின் பக்கத்தில் நின்றிருந்தார். அதன் மேல் விரித்திருந்த என் வரைபடத்தின் ஒரு மூலை காற்றில் எழும்பியது. அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அதிகாரியிடம் அரபியில் பேசப் போனார். வேட்டி கல்யாண வேட்டி, கட்டுவதற்கு முன் வெயிலில் காயப்போடுவது இவர்கள் வழக்கம், பையனுக்கு நாளை மறுநாள் பயணம், நோட்டீஸ் காற்றில் போயிருக்கும். அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினோம். அதிகாரி வேட்டியையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "மப்ரூக்" என்று வாழ்த்தி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பொய் பிடிபட்டிருந்தால் காக்காவின் கடையும் போயிருக்கும், விசாவும் போயிருக்கும்.

அவர்கள் போனதும் காக்கா அந்தத் தாளை என் கையில் திணித்தார். "வெச்சுக்கும் ஓய். வாயைத் தொறக்கணும்னு தோணும்போதெல்லாம் திருப்பிப் பாரும்." அன்று என்னைத் தளபதி என்றுகூடக் கூப்பிடவில்லை. அந்தப் பட்டத்துக்கும் நான் லாயக்கில்லை என்று முடிவு செய்திருப்பார். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை போனான். அவன் அனுப்பிய கல்யாண போட்டோவில், வேட்டியின் முழங்கால் பக்கம் ஆன்டெனா கம்பத்தின் துரு தெரிந்தது.

காக்கா இப்போது மகனோடு சவுதியில், அல் கோபாரில் இருக்கிறார். நான் இன்னும் இங்கேதான். இந்த வாரம் மறுபடியும் எல்லோர் போனிலும் கப்பல்கள். நேற்று ஒரு பையன், "அண்ணே, நீங்க விஷயம் தெரிஞ்சவரு, இறங்கிருவாங்களா?" என்று கேட்டான். முதலில் கப்பல் பீரங்கி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். கறுப்பு வட்டங்கள், வெறும் வட்டங்கள், சிவப்புக் கட்டில். தாளைத் திருப்பினேன். மேலே அரபியிலும் கீழே ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சடித்திருக்கிறது: வெள்ளிக்கிழமை காலை கடற்கரையில் ராணுவப் பயிற்சி நடக்கும், கப்பல்களும் படகுகளும் சிப்பாய்களும் வருவார்கள், யாரும் பயப்பட வேண்டாம். ஓரத்தில் ஆபீஸ் கிளார்க் பேனாவால் எழுதியது: கேட்டில் ஒட்டவும். அதற்குக் கீழே, பெற்றுக்கொண்டதற்கு என் கையெழுத்து.