குளிர்ந்த கைக்கு ஒரு கீபோர்ட்

மஃறூப் நானாவின் கம்ப்யூட்டர் கடைக்குப் பின்னாலிருந்த குழாயில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள் சுதர்ஷினி. ஹட்டன் மலைத் தண்ணீரின் குளிர் எலும்பு வரை இறங்கும். விரல்கள் விறைத்ததும் துவாயால் ஒற்றிக்கொண்டு உள்ளே ஓடிவந்து, மேசையில் கிடந்த அடுத்த கீபோர்டில் தட்ட ஆரம்பித்தாள்.

"ஈரக் கையோட சாமானத் தொடாதீங்க தங்கச்சி!" நானா பதறினார்.

"தொடச்சிட்டேன் நானா. காலையில ஆபீஸ்ல எங் கை இப்படித்தான் வெறச்சிக் கெடக்கும். கை சூடா இருக்கப்ப தட்டிப் பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்குது."

லோயர் யோகேஸ்வரனின் வக்கீல் அலுவலகத்தில் அவள் டைப் செய்கிறாள். நான் அங்கே கோப்புகளோடு மாரடிக்கிறவன்; அன்று கடைக்கு அவளுக்குத் துணையாக வந்திருந்தேன். டிக்கோயாவிலிருந்து நடந்தே வருவாள். வந்தபிறகும் சுவெட்டரைக் கழற்றமாட்டாள். குளிருக்காக என்று லோயர் நினைத்துக்கொண்டிருக்கிறார். வலது மணிக்கட்டில் சுற்றிய பண்டேஜ் அந்தச் சுவெட்டர் கைக்குள் ஒளிந்திருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "சொல்லிராதீங்கண்ணே. கை ஏலாதுன்னு தெரிஞ்சா வேற ஆளப் பாத்திருவாரு."

நான் சொல்லாமலே வேறு ஆளைப் பார்த்துவிட்டார். போன வாரம் ஒரு காணி உறுதிப் பத்திரத்தில் 7 பேர்ச் நிலம் 77 ஆகிவிட்டது. எங்கள் பழைய கீபோர்டை ஓங்கிக் குத்தினால்தான் எழுத்து விழும். வலிக்கிற கை இரண்டு தடவை குத்திவிட்டது. கையெழுத்து வைக்க வந்த கட்சிக்காரருக்கு முன்னாலேயே லோயர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். திங்கட்கிழமை வேறொரு பிள்ளையை வரச் சொல்லியாயிற்று. நாளைக் காலை உறுதியிலும் பிழை வந்தால் இவள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கீபோர்ட் வாங்கித் தரவேண்டியவர் அவர். சொந்தக் காசில் வாங்க வந்தவள் இவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் கீபோர்ட் ஒவ்வொரு எழுத்துக்கும் 'டக் டக்' என்று கத்தியது. "இந்தச் சத்தத்துக்கே லோயர் என்னைய வெரட்டிருவாரு." இரண்டாவதில் விறைத்த விரலைச் சும்மா வைத்தாலே எழுத்து கொட்டியது. "இது கேக்காமலே பேசுது நானா." மூன்றாவது சத்தமும் போடவில்லை, அடமும் பிடிக்கவில்லை. ஆனால் உயரம். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்க, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நானா அதன் அடியிலிருந்த இரண்டு கால்களையும் மடக்கிவிட்டார். அவள் துவாயை மடித்து உள்ளங்கைக்குக் கீழே வைத்தாள். மறுபடியும் குழாய்க்குப் போய்வந்து, '7 பேர்ச்' என்று தட்டினாள். ஒரே ஒரு ஏழு.

"எடுத்துட்டுப் போனா திருப்பி எடுக்கமாட்டேன், தங்கச்சி."

"தெரியும் நானா. கட்டுங்க."

அடுத்த நாள் காலை ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. லோயர் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று சொல்லச் சொல்ல, தட்டினாள். நிலத்தின் அளவு வந்த இடத்தில் நிறுத்தி, விரலில் ஊதிக்கொண்டு, அழுத்தினாள். லோயர் தாளை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். கையெழுத்து வைத்தார்.

"அந்தப் பிள்ளைய வர வேணாமுன்னு சொல்லிரு," என்றார் என்னிடம்.

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் அவரே வந்து புதுக் கீபோர்டை விரலால் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. இனி இது ஆபீஸ்லயே இருக்கட்டும்."

சுதர்ஷினி வயரைக் கழற்றினாள். கீபோர்டைத் துவாயில் சுற்றித் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு குனிந்து, பழையதை எடுத்து அதன் இடத்தில் மாட்டிவைத்தாள்.