சீலிங்குக்கு முட்டு

அம்மா சிதம்பரம் போனதற்குக் காரணம் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் என்று ஒன்பது வயதில் நான் நம்பினேன். "இந்த ஷீட்டுக்குக் கீழ மனுஷி இருப்பாளா?" என்று கத்திவிட்டுத்தான் அண்ணாமலை நகரில் மாமா வீட்டுக்குப் போனாள். எனக்குப் பரீட்சை இருந்ததால் செம்மண்டலத்தில் அப்பாவோடு விட்டுப் போனாள். அப்பாவும் அதையேதான் நம்பினார். அவருக்கு வயது நாற்பது.

அடுத்த வாரமே கூரைக்குக் கீழே சீலிங் அடிக்க ஜிப்சம் போர்டு வாங்கி வந்தார். ஆள் வைக்கவில்லை. தானே அடிப்பாராம். மேலே மரச்சட்டம் அடித்த பிறகுதான், போர்டைத் தூக்கிப் பிடித்தால் ஸ்குரூ முடுக்கக் கை இருக்காது என்று தெரிந்தது. போர்டைக் கீழிருந்து தாங்க, ஒரு சவுக்குக் கழியின் உச்சியில் குறுக்கே கட்டை அடித்தார். அதுதான் முட்டு.

"இன்னாண்ணே, கட்சிக் கொடி நடப்போறியா?" என்றார் உதவிக்கு வந்த சித்தப்பா.

அப்பா டேப் பிடித்து அளந்து, நூல் பிசகாமல் கழியை வெட்டியிருந்தார். போர்டைத் தூக்கி முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். அப்பா ஸ்டூலில் ஏறிக் கை வைத்ததும் முட்டு சாய்ந்தது. போர்டு சித்தப்பாவின் தோளில் விழுந்து இரண்டாக உடைந்தது.

"அளவு கரெக்டா இருந்தா நிக்காதுண்ணே. ஒரு விரக்கடை ஜாஸ்தி உடு, அப்பத்தான் இறுகும்." தோளைத் தேய்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "அண்ணிய நீ போயி கூப்புடு. சீலிங்கா பஸ் ஏறிப் போயி கூப்புடும்?"

"மொதல்ல இது முடியட்டும்டா."

புதுக் கழி அளவைவிட ஒரு விரல் கூடுதலாக வந்தது. அதைச் சாய்வாக வைத்து, அடியை உதைத்து நிமிர்த்த வேண்டும். உதைப்பது என் வேலை. ஒவ்வொரு உதைக்கும் போர்டு சட்டத்தோடு இறுகியது. அம்மா ஒரு ஸ்டாப் கிட்டே வருவதாக நினைத்துக்கொண்டேன். பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம். கால் வீங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். அப்பா ஃபேனைப் போட்டு, அவளைக் கூடத்தின் நடுவில் உட்காரச் சொன்னார்.

"பாரு. சூடு தெரியுதா?"

அம்மா மூலைக்கு மூலை பார்த்தாள். "இல்ல. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லியா?"

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "உள் ரூமுக்கும் அடிச்சிடலாம். ரெண்டு நாள் வேலை."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, ஒன் துணியெல்லாம் எடுத்து வை."

எனக்கு அம்மா மேல் அப்படி ஒரு கோபம். சூடு இல்லை என்று அவள் வாயாலேயே சொன்னாள். பிறகென்ன? துணியை மடிக்காமல் பைக்குள் திணித்தேன். அப்பா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள் ரூமுக்குப் போய்விட்டார். வாசலைத் தாண்டும் முன் அண்ணாந்து பார்த்தேன். ஏதோ ஒரு மூலையில் நான் சரியாக உதைக்கவில்லை, அதை அம்மா கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.