தெள்ளு எண்ணிய நாட்கள்

மாட்டாஸ்பத்திரி என்று பலகையில் எழுதியிருந்ததால் மாடுதான் வரும் என்று நம்பி இந்த வேலையில் சேர்ந்தேன். தனியாக என் கைக்கு வந்ததெல்லாம் நாய், அதுவும் தெள்ளுப் பூச்சி பிடித்த நாய்.

அறுபதுகளில் கடலூரில் உதவி ஆளாக இருந்தேன். எட்டாவது வரைதான் படிப்பு. டாக்டர் மாட்டுக்கு ஊசி போடுவார், நான் கொம்பைப் பிடிப்பேன். யாராவது நாயைக் கூட்டிவந்தால் மட்டும், "இத நீயே பாரு" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். பிறகு வீடுகளுக்கும் அனுப்ப ஆரம்பித்தார். நாய் சொறிவதைப் பார்த்துக்கொண்டே தாமும் கணுக்காலைச் சொறிந்தவர்கள் மேலே படியுங்கள். நம் கஷ்டம் மற்றவர்களுக்குப் புரியாது. இதில் பெரும்பகுதி சிதம்பரத்து நாய் ஒன்றைப் பற்றியது. அதற்கு அந்த வீட்டில் இடம் உண்டா இல்லையா என்பதே கேள்வியாக இருந்தது.

கடலில் குளித்த நாய்

அதற்கு முன்னால் நடந்தது இது. கடலோரக் குப்பத்தில் ஒரு மீனவர், தெள்ளு போக வேண்டுமென்றால் நாயைக் கடலில் முக்கினால் போதும் என்று உறுதியாக இருந்தார். நான் ஆஸ்பத்திரி சோப்போடு போய்ச் சேருவதற்குள் நாயைக் கழுத்து வரை தண்ணீரில் இறக்கிவிட்டார். உடம்பில் இருந்த அத்தனை பூச்சியும் நனையாத இடம் தேடித் தலைக்கு ஏறின. நாயின் முகம் எள்ளு தூவிய அடை மாதிரி ஆகிவிட்டது. அது கரைக்கு வந்து ஒரு உதறு உதறியது. பாதி அவர் தாடிக்குப் போயிற்று.

தண்ணீர் படுவதற்கு முன்பே கழுத்தைச் சுற்றிக் கெட்டியாகச் சோப்பு நுரை போட்டுவிட வேண்டும், அப்போதுதான் மேலே போகிற வழி அடைபடும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, "இதுங்களுக்கு இன்னாய்யா அவ்ளோ புத்தி?" என்றார். வலை பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஏய்யா, கட்டுமரத்துல தண்ணி ஏறுனா நீ மட்டும் கீழயே குந்திக்கினு இருப்பியா?"

உமி மெத்தை

சிதம்பரத்திலிருந்து ஆள் வந்தது வைகாசி மாதம். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் பிடித்துப் போனேன். வீட்டுக்காரர் கோவிந்தசாமி, அரிசி மில்லில் மேஸ்திரி. அவர் மனைவி தையல்நாயகி. ஒரே மகள் செல்வியைத் திருவந்திபுரத்தில் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வளைகாப்பு நடக்க இருந்தது. அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருவார்கள். வீட்டு நாய் டைகர், செம்பட்டை நிறம், செல்வி குட்டியிலிருந்து வளர்த்தது. உடம்பெல்லாம் தெள்ளு.

"பச்சக் கொழந்த படுக்கற வீடு," என்றார் கோவிந்தசாமி. "பொண்ணு வர்ற அன்னிக்கு ஒரு தெள்ளு இருந்தாலும் டைகர இங்க வச்சிக்க மாட்டேன். மச்சான் லாரியில ஏத்தி, கொள்ளிடம் பாலத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துடுவான்." மச்சான் என்றது தையல்நாயகியின் தம்பி ஆறுமுகத்தை, மில் லாரி ஓட்டுகிறவர். அவர் சுவரில் சாய்ந்தபடி நாயைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி கெட்டவர் அல்ல. சொல்லும்போது அவர் கை டைகரின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டேதான் இருந்தது.

டைகருக்காகக் கொல்லையில் அவரே செங்கல் வைத்துக் கூண்டு கட்டியிருந்தார். உள்ளே மில்லிலிருந்து கொண்டுவந்த உமி. வாரா வாரம் புது உமி கொண்டுவந்து போடுவாராம். பழையதை அள்ளாமல் அதன் மேலேயே போட்டிருக்கிறார்! அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் தட்டினேன். கறுப்புப் பொடி ஒவ்வொன்றைச் சுற்றியும் சிவப்பாகக் கசிந்தது. இது மண் இல்லை, டைகரின் ரத்தத்தைக் குடித்துத் தெள்ளு கழித்தது, இதைத் தின்றுதான் அதன் புழு வளர்கிறது என்றேன். மேஸ்திரி துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தையல்நாயகி சொன்னார்: "நீங்க நாய்க்கு மெத்தை போடல. அதுங்களுக்குப் பந்தி போட்டிருக்கீங்க."

பூட்டிய அறை

உமியை அள்ளி எரித்தோம். கூண்டைக் கொதிநீர் விட்டுக் கழுவி, வெடிப்பில் டி.டி.டி. பவுடர் தூவி, மேலே சுண்ணாம்பு அடித்தோம். டைகருக்குக் கழுத்தில் நுரை வைத்துக் குளியல். ஈர்கொல்லிச் சீப்பால் வாரிச் சோப்புத் தண்ணீரில் போட்டதை எண்ணினேன். முதல் நாள் நூற்றுப் பதினாறு. அடுத்த வாரம் முப்பத்தொன்று. அதற்கடுத்த வாரம் நான்கு. எண்ணிக்கை இறங்குவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அன்று ரயிலில் திரும்பும்போது பக்கத்தில் இருந்தவரிடம் நானாகவே பேசினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாம் வாரம் போனபோது வாசலிலேயே மேஸ்திரி வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். கால் முழுக்கத் தடிப்பு. செல்விக்காக ஒதுக்கிய ஓரத்து அறையை அன்று காலையில்தான் திறந்திருக்கிறார்கள். மார்கழி வரை டைகர் படுத்தது அங்கேதான். பொங்கலுக்குச் சுவரெல்லாம் வெள்ளையடித்து, பிரசவ அறையில் நாய் நுழையக் கூடாது என்று பூட்டி வைத்துவிட்டார்கள். அவர் உள்ளே நாலு எட்டு வைத்ததும் தரையிலிருந்து மழை மாதிரி கிளம்பியிருக்கிறது.

வேலை வீணாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். டைகரைச் சீவிப் பார்த்தேன், இரண்டுதான். அறையில் எட்டிப் பார்த்தால் என் வெள்ளை வேட்டி புள்ளி வைத்த சேலை ஆகிவிட்டது. ஆறுமுகம் லாரி சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "மாமா, பூட்டுன ரூமுக்குள்ள நாய் எப்படிப் போச்சின்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் வண்டிய எடுக்கறேன்."

விளக்கைச் சுற்றி

ஊருக்குத் திரும்பியதும் டாக்டரிடம் கேட்டேன். தெள்ளு, புழுவாக இருந்து கூடு கட்டிக்கொண்டு மாசக் கணக்கில் தூங்கும், ஆள் நடமாடுகிற அதிர்வு தெரிந்தால்தான் வெளியே வரும் என்றார். குழந்தை படுக்கிற அறையில் பவுடர் கூடவே கூடாது என்றும் சொன்னார். அப்படியானால் அத்தனையையும் எழுப்பித்தான் பிடிக்க வேண்டும். மறுநாளே லீவு போட்டுச் சிதம்பரம் போனேன்.

மேஸ்திரி வீட்டில் சொன்னேன்: ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்க வேண்டும். நடுவில் அகலமான தாம்பாளத்தில் சோப்புத் தண்ணீர், அதன் நடுவே ஒரு விளக்கு. தெள்ளு வெளிச்சத்துக்குத் தாவித் தண்ணீரில் விழும். ஆனால் சுற்றி யாராவது நன்றாக மிதித்து நடந்துகொண்டே இருக்க வேண்டும். "நடந்துகினே இருக்கறதா? எவன் நடப்பான்?" என்றார் மேஸ்திரி.

தையல்நாயகி தாம்பாளத்தை எடுத்து வந்து தரையில் வைத்தார். "நடுவுல வெளக்கு. சுத்தி மிதிக்கணும். இதுக்குப் பேரு கும்மிதானே?" என்றார். வளைகாப்புக்குப் போகிற பெண்கள் எப்படியும் பழகிப் பார்க்கத்தான் வேண்டும். மேஸ்திரியின் தங்கை அஞ்சலையும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்தார்கள். முழங்கால் வரை வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் கொல்லையில் கிணற்றடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். கைதட்டும் சத்தம், கால் மிதிக்கும் சத்தம், நடுநடுவே "ஐயோ, அப்பா" என்று சிரிப்பு. பாட்டு முடிந்ததும் அஞ்சலை தாம்பாளத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எண்ண ஆரம்பித்தேன். எழுபத்தைந்தில் எனக்கே கண் பூத்துப்போய் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அந்த வாரம் முழுக்கக் காலையில் கும்மி, கும்மி முடிந்ததும் கொதிநீர், பிறகு வெடிப்புகளுக்குச் சுண்ணாம்புக் காரை. டாக்டரிடம் லீவு கேட்டு நானும் இரண்டு முறை போய் வந்தேன். எழுபத்தைந்துக்கு மேல் இருந்தது இருபதாகி, ஐந்தாகி, கடைசியில் தாம்பாளத்தில் வெறும் தண்ணீரும் ஒரு கொசுவும்தான் இருந்தன. அஞ்சலைக்கு அதில் திருப்தி இல்லை. "தெள்ளுக்காரரே, எங்க பாட்டு இன்னும் ரெண்டு பாக்கி இருக்குது. வேற எங்கனா வீடு இருந்தா சொல்லுங்க" என்றார்.

சீப்பில் வந்தது

செல்வி வருகிற நாள் காலையில் என்னை வரச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. தெருவில் லாரி நின்றிருந்தது. அதன் பின்கதவு திறந்து கிடந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே போனேன்.

மேஸ்திரி சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஓரத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் குதிப்பது கேட்டது. அவ்வளவு பெரிய மனிதர் தனியாகக் குதிக்கும் சத்தம் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. வெளியே வந்து வேட்டியை முன்னும் பின்னும் காட்டினார். ஒரு புள்ளி இல்லை.

"இனிமே நாய்," என்றார். டைகரைக் கழுத்திலிருந்து வால் வரை வாரினேன். ஒன்றும் இல்லை. வயிற்றுப் பக்கம் வாரினேன். சீப்பின் பல்லுக்கு நடுவில் ஒன்று கால் உதைத்துக்கொண்டிருந்தது. தையல்நாயகி என் தோளுக்குப் பின்னால்தான் நின்றார், அவரும் பார்த்துவிட்டார். சீப்பைத் தண்ணீரில் முக்கிவிட்டு எழுந்தால் தீர்ந்தது. ஆனால் எண்ணியதைச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"ஒண்ணு இருக்குதுங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். ஆறுமுகம், "மாமா, ஒரு தெள்ளுக்குக் கொள்ளிடம் வரைக்கும் லாரியா? தபால்ல அனுப்பிடலாமே" என்றார். தெருமுனையில் குதிரை வண்டி மணி கேட்டது. வளைகாப்பு முடிந்து, ஸ்டேஷனிலிருந்து செல்வி வந்துவிட்டாள். டைகர் என் கையை உதறிவிட்டு ஓடியது. வண்டிப் படியில் வளையல் குலுங்க அவள் அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். லாரியைப் பார்த்தாள், திறந்த கதவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை.

கோவிந்தசாமி என் பக்கம் திரும்பினார். "கடைசியா இருந்த ஒண்ண மறைக்காம காட்டுன ஆளு, மத்ததெல்லாம் போச்சின்னு சொன்னா பொய்யா இருக்குமா?" என்றார். நடந்து போய் லாரியின் கதவை அவரே தூக்கிக் கொக்கி போட்டார். நான் அந்த ஒன்றையும் தண்ணீரில் போட்டேன். செல்வி இறங்கினாள், டைகர் அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் போயிற்று. ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்த தையல்நாயகி மகளிடம் சொன்னார்: "மொதல்ல வந்தவனுக்கே சுத்திட்டேன், இரு, உனக்கு வேற கரைச்சி எடுத்தாரேன்."

அறுபதுகள் முழுக்க இத்தனை நாய்களைப் பிடித்துக் குளிப்பாட்டியதில் ஒரு நாயும் என்னைக் கடித்ததில்லை. அவற்றின் சொந்தக்காரர்களைப் பற்றி மட்டும் அவ்வளவு உறுதியாக என்னால் சொல்ல முடியாது.