கேரன் எடுத்துக் கொடுத்த சாவி

குருண் நகரில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அகத்தாவுக்கு ஒரே ஆசைதான். பதினோரு வயது மகள் கேரன் ஒரு தடவையாவது "அம்மா" என்று கூப்பிட வேண்டும். கேரனுக்குப் பேச்சு இல்லை. அறிவு வளர்ச்சியும் குறைவு. கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வலிப்பு வேறு.

காரணம் சொல்ல எங்கள் தாமான் குடியிருப்பில் ஆளா இல்லை? அகத்தா வயிற்றுப் பிள்ளையோடு மெர்போக்கில் சாவு வீட்டுக்குப் போனாளாம், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தாளாம். விழுந்தது உண்மை. அதை நினைத்து அவள் அழாத நாள் குறைவு.

வைத்தியத்துக்கும் பஞ்சமில்லை. வலிப்பு வந்தால் பக்கத்து வீட்டு ராக்காயி ஓடிவந்து, ஆணியில் தொங்கும் சாவிக்கொத்தைப் பிள்ளையின் கையில் திணிப்பாள். இரும்பு பட்டால் அடங்குமாம். வலிப்பு தானாக அடங்கும், பெயர் சாவிக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொல்லியும் அகத்தா சாவியை விடவில்லை. வலிப்பு தெளிந்து கேரன் கண் விழிக்கும்போதெல்லாம் அது கையில் இருக்கும்.

வலிப்புதான் பேச்சைத் தடுக்கிறது, அது நின்றால் பேச்சு வந்துவிடும் என்று அகத்தா நம்பினாள். புது மருந்தில் ஒரு வருஷமாக வலிப்பு இல்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் மகளின் வாயைத்தான் பார்ப்பாள்.

போன வாரம் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொன்னார் டாக்டர் ஷாமளா.

"மரபணுவுல ஒரு மாற்றம்கா. கருவுலயே தானா நடந்தது. நீங்க விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"வலிப்பு நின்னுருச்சு டாக்டர். இனிமே பேசிருவா லா?"

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "வலிப்பால இவ இப்படி ஆகலக்கா. ரெண்டுக்குமே காரணம் அந்த மாற்றம்தான். வலிப்பை மருந்து நிறுத்துது. பேச்சு வரும்னு என்னால சொல்ல முடியல."

இத்தனை வருஷம் சுமந்த பழி இறங்கியதே அகத்தாவுக்கு உறைக்கவில்லை. கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்து அழுதாள். உடம்பெல்லாம் குலுங்கியது. கேரன் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து வந்தாள். அதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். குலுக்கல் அடங்கும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.